நான் நம்பாத ஒரு விதியை என் குழுவிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

அணித்தலைவி:

அனைவருக்கும் வணக்கம். மென்பொருள் நிறுவனம் ஒன்றில் நடுத்தட்டு மேலாளராக இருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம், மற்ற நாட்களில் வீடு என்ற ஏற்பாட்டில் எங்கள் குழு நல்லபடியாகவே வேலை செய்து வந்தது. குறித்த தேதியில் வேலையை முடித்துக் கொடுத்தோம். வாடிக்கையாளரிடமிருந்து பெரிய புகார் எதுவும் வந்ததில்லை. இப்போது, அடுத்த காலாண்டிலிருந்து ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும் என்று தலைமையகம் அறிவித்திருக்கிறது. அறிவிப்போடு மேலாளர்களுக்கென்று தனியாக ஒரு கோப்பும் வந்தது. குழுவினர் இன்ன கேள்வி கேட்டால் இன்ன பதில் சொல்ல வேண்டும் என்று அதில் வரிசையாக எழுதியிருக்கிறார்கள். ஏன் இந்த மாற்றம் என்ற கேள்விக்கு எதிரே இருக்கும் பதில், நேரில் கூடி வேலை செய்தால் உற்பத்தித்திறனும் புதுமையும் பெருகும் என்பதுதான். எங்கள் குழுவில் அப்படி எதுவும் பெருகியதா குறைந்ததா என்று யாரும் கணக்கெடுத்துப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். எடுப்பதாக இருந்தால் அந்தக் கணக்கை என்னிடம்தான் கேட்டிருப்பார்கள்.

அலுவலக நாட்கள் இப்போதே எப்படிக் கழிகின்றன என்பதைச் சொல்கிறேன். எங்கள் குழுவில் பாதிப்பேர் வேறு நகரங்களில் இருப்பதால் காலைக் கூட்டம் எப்போதும் காணொளியில்தான் நடக்கும். பக்கத்துப் பக்கத்து மேசைகளில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவரவர் லேப்டாப் திரையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி பேசுவார்கள். ஒருவர் குரல் அடுத்தவர் மைக்கில் விழுந்து எதிரொலிப்பதால், ஒருவர் பேசும்போது மற்ற இருவரும் மைக்கை அணைத்துவிட வேண்டும். கூட்ட அறைகளை எப்போதும் யாராவது முன்பதிவு செய்து வைத்திருப்பார்கள். அண்மையில் ஒருவரிடம் அவருடைய அப்ரைசலைப் பற்றிப் பேச வேண்டியிருந்தபோது இடம் எதுவும் கிடைக்கவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் நின்று, ஏறி இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டுக்கொண்டே, அவர் எதிர்பார்த்த பதவி உயர்வு இந்த ஆண்டும் இல்லை என்பதைத் தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டியதாயிற்று.

திங்கட்கிழமைதோறும் எனக்கு ஓர் அட்டவணை வரும். வாயிலில் அடையாள அட்டையைத் தேய்த்த பதிவுகளை வைத்து, ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பூசியிருப்பார்கள். ஒரு வாரம் சர்வர் பழுதாகி, இரவெல்லாம் விழித்திருந்து அதைச் சரிசெய்தவர் மறுநாள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். அந்த வார அட்டவணையில் அவர் பெயர் சிவப்பில் வந்தது. அவர் ஏன் வரவில்லை என்று நான் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் செய்த வேலையைப் பற்றி அந்த அட்டவணையில் எழுதுவதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

இத்தனைக்கும் வேலைப் பளு முன்பைவிடக் கூடியிருக்கிறது. ஆட்குறைப்பில் போனவர்களின் வேலை இருப்பவர்கள் தலையில் விழுந்துவிட்டது. குழுவில் ஒருவர் பக்கவாதத்தால் படுத்திருக்கும் தந்தையைக் கவனித்துக்கொண்டே வேலை பார்க்கிறார். இன்னொருவர் எப்போதும் சிரித்துப் பேசுகிறவர். இப்போதெல்லாம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுக் கேமராவை அணைத்துவிடுகிறார். அவர்களிடம் போய், இந்த விதி உங்கள் நன்மைக்கே என்று சொல்வதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. அதே நேரத்தில், மேலிடத்து முடிவைக் குழுவின் முன்னால் எதிர்த்துப் பேசிவிட்டு மேலாளராக நீடிப்பதும் சரியாகப் படவில்லை.

அலுவலகத்துக்கு வருவதால் வேலை உண்மையில் கூடுகிறதா என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் ஏதேனும் உண்டா? நான் பொய் சொல்லாமலும், குழுவைக் கைவிடாமலும், இந்தச் செய்தியை எப்படிச் சொல்வது? இதே நிலையில் இருந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மனிதவளத்துறையில் இருந்தவன்:

வணக்கம் அம்மா. இப்படிப்பட்ட கோப்புகளைத் தயாரிக்கும் துறையில் நீண்ட காலம் வேலை செய்தவன் என்பதால் எழுதுகிறேன். முதலில் ஆதாரத்தைப் பற்றிய உங்கள் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். இந்த விஷயத்தில் கருத்து சொல்கிறவர்கள் ஏராளம். முறையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் குறைவு. அந்தக் குறைவானவர்களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூம் முக்கியமானவர். சீனாவின் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் அழைப்பு மையத்தில், விருப்பம் தெரிவித்த ஊழியர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை ஒன்பது மாதங்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை செய்ய வைத்தார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வின்படி வீட்டிலிருந்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது, வேலையை விட்டுப் போகிறவர்களின் விகிதம் பாதியாகக் குறைந்தது. ஆனால் அதே ஆய்வில் இரண்டு கசப்பான செய்திகளும் உண்டு. அதே அளவு திறமை காட்டியும் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. சோதனை முடிந்தபின் பலர் தனிமை தாங்காமல் அலுவலகத்துக்கே திரும்ப விரும்பினார்கள்.

உங்கள் குழுவுக்கு அதைவிட நெருக்கமானது 2024இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு. அதே நிறுவனம் இப்போது டிரிப்.காம் என்ற பெயரில் இயங்குகிறது. அங்கே பொறியியல், சந்தைப்படுத்தல், நிதி ஆகிய பிரிவுகளைச் சேர்ந்த 1,612 பேரை வைத்து, ஐந்து நாளும் அலுவலகம் என்ற முறையையும் இரண்டு நாள் வீடு என்ற முறையையும் ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்குத் தொடர்ந்து பார்த்தும் செயல்திறன் மதிப்பீட்டிலோ பதவி உயர்விலோ வேறுபாடு தெரியவில்லை. வேலையை விடுகிறவர்களின் எண்ணிக்கையோ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சோதனைக்கு முன்பு உற்பத்தித்திறன் சராசரியாக 2.6 சதவீதம் குறையும் என்று கணித்த மேலாளர்கள், முடிவில் 1 சதவீதம் கூடியிருக்கிறது என்று மதிப்பிட்டார்கள். நீங்கள் மேலிடத்தில் எடுத்து வைக்க இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை. கட்டாய விதி வந்தபிறகு என்ன நடந்தது என்பதை, எஸ் அண்ட் பி 500 என்ற பெரிய அமெரிக்க நிறுவனங்களின் பட்டியலில் உள்ளவற்றை வைத்துப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இருவர் பார்த்திருக்கிறார்கள். நிதி நிலையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் இல்லை. ஊழியர்களின் பணித் திருப்தி மட்டும் சரிந்தது என்பதே அவர்கள் கண்டது.

ஆகவே உற்பத்தித்திறன் பெருகும் என்ற வாசகத்தைக் குழுவிடம் சொல்லாதீர்கள். அதற்காக, மேலிடத்தில் இருப்பவர்கள் எல்லாரும் ஊழியர்களை வதைக்கவே இந்த விதியைக் கொண்டுவருகிறார்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் 61,000க்கும் மேற்பட்ட ஊழியர்களின் தகவல் பரிமாற்றத்தை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட கட்டுரை, எல்லாரும் முழுக்க வீட்டுக்குப் போனபோது குழுக்களுக்கிடையே இருந்த தொடர்புகள் மெலிந்து, அவரவர் வட்டத்துக்குள்ளேயே பேச்சு சுருங்கியது என்று காட்டியது. இது கற்பனையான அச்சம் அல்ல. இன்னொரு பக்கம், கண்ணெதிரே ஆள் இல்லாவிட்டால் வேலை நடக்காது என்ற ஐயமும் இருக்கிறது. 2022இல் மைக்ரோசாஃப்ட் நடத்திய கருத்துக் கணிப்பில் 87 சதவீத ஊழியர்கள் தாங்கள் நன்றாகவே வேலை செய்வதாகச் சொன்னார்கள். ஊழியர்கள் நன்றாக வேலை செய்கிறார்கள் என்று நம்புவது, சில நாள் வீடு, சில நாள் அலுவலகம் என்ற கலப்புமுறையில் கடினமாகிவிட்டது என்று 85 சதவீதத் தலைவர்கள் சொன்னார்கள். ஆட்களைத் தாமாக வெளியேற வைக்கும் நோக்கமும் சில இடங்களில் உண்டு. அமெரிக்க அரசு ஊழியர்களை ஐந்து நாளும் வரச் சொன்னால் பலர் தாமாகவே விலகுவார்கள், அதை வரவேற்கிறோம் என்று அரசுச் செலவைக் குறைக்கும் பொறுப்புக்கு அப்போது அறிவிக்கப்பட்டிருந்த ஈலான் மஸ்க்கும் விவேக் ராமசாமியும் 2024 நவம்பரில் வெளிப்படையாகவே எழுதினார்கள். உங்கள் நிறுவனத்தில் எந்த நோக்கம் என்பதை ஊகித்துக் குழுவிடம் சொல்வது உங்கள் வேலையல்ல. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்னால், அது கோப்பில் இருக்கும் வாசகத்துக்கு எந்த வகையிலும் மேலானதாகாது.

என் யோசனை இது. விதி என்ன, எந்தத் தேதியிலிருந்து, மீறினால் என்ன நடக்கும், விலக்கு கேட்க யாரிடம் எப்படி விண்ணப்பிக்க வேண்டும் என்ற நான்கையும் ஒளிவு மறைவில்லாமல் சொல்லுங்கள். காரணம் கேட்டால், நிறுவனம் சொல்லும் காரணம் இது என்று, அது நிறுவனத்தின் கூற்று என்பது விளங்கும்படி சொல்லுங்கள். தந்தையைக் கவனித்துக்கொள்ளும் அந்த ஊழியரை இன்றே தனியாக அழைத்துப் பேசி, விலக்கு விண்ணப்பத்தை எழுத்து வடிவில் கொடுக்கச் செய்யுங்கள். வாய்மொழியாக நீங்கள் தரும் சலுகை, நீங்கள் வேறு குழுவுக்கு மாறும் நாளில் காற்றில் போய்விடும். சில நாடுகளில் இதற்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரலிலிருந்து, வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே நெகிழ்வான பணிமுறை கேட்டு விண்ணப்பிக்கலாம்; முதலாளி இரண்டு மாதத்துக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும். உங்கள் நாட்டுச் சட்டத்திலும் பணி ஒப்பந்தத்திலும் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். பணியிடம் என்ற தலைப்பின் கீழ் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பெரும்பாலோர் சேரும் நாளுக்குப்பின் திரும்பிப் படிப்பதே இல்லை.

புதிதாகச் சேர்ந்தவள்:

மேலே எழுதியவர் சொன்னவை எல்லாம் சரி. ஆனால் இந்தப் பேச்சில் எங்களைப் போன்றவர்கள் எப்போதும் விடுபட்டுப் போகிறோம் என்பதால் எழுதுகிறேன். படிப்பை முடித்து நேராக வீட்டிலிருந்து பணி என்ற முறைக்குள் வந்தவள் நான். ஒரு சந்தேகம் வந்தால், மூத்தவருக்குச் செய்தி தட்டச்சு செய்வேன், இது கேட்கக்கூடிய கேள்விதானா என்று யோசித்து அழிப்பேன், மறுபடியும் எழுதுவேன். அவர் பெயருக்குப் பக்கத்தில், வேறு வேலையில் இருப்பதைக் காட்டும் சிவப்புப் புள்ளி இருந்தால் அது பச்சையாகும் வரை காத்திருப்பேன். பக்கத்து நாற்காலியில் இருந்தால் அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும் விஷயத்துக்கு அரை நாள் போய்விடும். நான் திறமையற்றவள் என்ற எண்ணம் அப்படித்தான் உள்ளே வளர்ந்தது.

நடாலியா இமானுவேல், எம்மா ஹாரிங்டன், அமண்டா பாலைஸ் ஆகிய மூன்று பொருளாதார ஆய்வாளர்கள், ஒரு பெரிய நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரே கட்டடத்தில் ஒன்றாக உட்கார்ந்திருந்த குழுக்களில், எழுதிய நிரலுக்குச் சக ஊழியர்கள் சொல்லும் கருத்துகளும் திருத்தங்களும் அதிகமாக இருந்தன. இளையவர்களுக்கும் பெண்களுக்கும் அந்தப் பயன் இன்னும் கூடுதல். அதே சமயம், சொல்லிக்கொடுக்கும் மூத்தவர்களின் சொந்த உற்பத்தி குறைந்தது. ஆகவே வீட்டில் இருந்தால் வேலை நன்றாக நடக்கிறது என்று ஒரு மூத்தவர் சொல்லும்போது, அவருடைய வேலை நன்றாக நடக்கிறது என்பது உண்மை. அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது அவர் கணக்கில் தெரியாது.

ஆனால் இன்னொன்றையும் அந்த ஆய்வு சொல்கிறது. குழுவில் ஒருவர் மட்டும் வேறிடத்தில் இருந்தாலே, கூட்டங்கள் இணையத்துக்கு மாறி, ஒன்றாக இருப்பவர்களுக்கிடையே நடக்கும் கருத்துப் பரிமாற்றமும் குறைந்துவிடுகிறது. அணித்தலைவி அவர்களின் குழுவில் பாதிப்பேர் வேறு நகரங்களில் இருக்கிறார்கள். அப்படியானால் ஐந்து நாளும் வரச் சொல்வதால் எனக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காது. எனக்கு வேண்டியது, மூத்தவர் ஒருவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் திரையைப் பார்க்கும் இரண்டு மணி நேரம். அது வாரத்தில் ஒரு நாள் உறுதியாகக் கிடைத்தாலும் போதும். எந்த நாளில், யார், எதற்காக வருகிறார்கள் என்பதைக் குழுவே உட்கார்ந்து முடிவு செய்ய விட்டால் நான் மகிழ்ச்சியோடு வருவேன்.

அணித்தலைவி:

இருவருக்கும் மிகுந்த நன்றி. தங்கையே, நீங்கள் எழுதியதைப் படித்தபின் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த இருவரிடமும் தனித்தனியாகப் பேசினேன். ஒருவர் ஏறத்தாழ நீங்கள் சொன்னதையே சொன்னார். மற்றவர், வீட்டில் இருந்தால்தான் யாரும் பார்க்காமல் நிதானமாகக் கற்றுக்கொள்ள முடிகிறது என்றார். ஒப்பந்தத்தையும் எடுத்துப் படித்தேன். அலுவலகம் இருக்கும் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறார்கள். எத்தனை நாள் என்று எதுவும் இல்லை. விலக்கு விண்ணப்பம் எழுதும் வேலை தொடங்கிவிட்டது. இப்போது என்னை அதிகம் உறுத்துவது, கேமராவை அணைத்துவிடும் அந்த ஊழியரின் நிலைதான். விதி வருவதற்கு முன்பே அவர் சோர்ந்து போயிருந்தார். இந்த விதி அவரை என்ன செய்யும் என்று அஞ்சுகிறேன்.

பணிநல மருத்துவர்:

உங்கள் கடைசிப் பத்தியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. வேலை தொடர்பான மன அழுத்தத்தோடு என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர், வேலை அதிகம் என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தால், என் நாளில் எதுவும் என் கையில் இல்லை என்பதுதான் மெல்ல வெளியே வரும். இதை 1979இலேயே ராபர்ட் கராசெக் என்ற சமூகவியல் அறிஞர் தெளிவாக எடுத்துச் சொன்னார். வேலையின் பளு அதிகமாகவும், அதை எப்படி எப்போது செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் மனம் மிகவும் நொறுங்குகிறது. பளு அதிகமாக இருந்தும் உரிமை கையில் இருந்தால் அதே மனிதர் ஊக்கத்தோடு வேலை செய்வார். பிரிட்டிஷ் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த வைட்ஹால் ஆய்வுகளில், தம் வேலையைத் தாமே தீர்மானிக்கும் உரிமை குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் அதிகமாக இருந்ததை மைக்கேல் மார்மட்டும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். இந்த உரிமையை ஏதோ வசதிப் பேச்சு என்று நினைக்கிறவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

அலுவலகத்துக்குத் திரும்பும் விதி இந்த இடத்தில்தான் அடிக்கிறது. வேலையை ஓர் அணுவளவும் குறைக்காமல், நாளை அமைத்துக்கொள்ளும் உரிமையை மட்டும் எடுத்துவிடுகிறது. அதோடு பயண நேரமும் சேர்கிறது. 27 நாடுகளில் நடத்திய ஓர் ஆய்வு, வீட்டிலிருந்து பணிபுரியும் நாளில் ஒருவருக்குச் சராசரியாக 72 நிமிடப் பயண நேரம் மிச்சமாவதாகவும், அதில் ஏறத்தாழ 40 சதவீதத்தை அவர்கள் வேலைக்கே திருப்பிக் கொடுத்ததாகவும் கண்டது. அந்த நேரம் இனி சாலையில் போகும். ஆனால் முடிக்க வேண்டிய வேலை அப்படியே இருக்கும். எனவே அது இரவுக்குத் தள்ளப்பட்டு, தூக்கத்திலிருந்துதான் வெட்டப்படும். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்கிறவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது.

வீட்டிலிருந்து பணி என்பதும் முழுக்க நோயற்ற ஏற்பாடு அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த கதவு போய்விட்டதால், இரவு பதினொரு மணிக்கும் லேப்டாப்பை மூட முடியாமல் வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிரான்ஸ் 2017இலும் ஆஸ்திரேலியா 2024இலும் பணி நேரத்துக்குப் பின் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமையைச் சட்டமாக்கின. தேவை இல்லாமலா செய்தார்கள்?

உங்கள் ஊழியரைப் பற்றி. பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் ஐ.சி.டி-11 என்ற பன்னாட்டு நோய் வகைப்பாட்டில் நோயாகச் சேர்க்கவில்லை. வேலையோடு தொடர்புடைய ஒரு நிலையாகச் சேர்த்திருக்கிறது. அதற்கு மூன்று கூறுகளைச் சொல்கிறது: ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், வேலையில் தன் திறன் குறைந்துவிட்டது என்ற உணர்வு. சிரித்துப் பேசியவர் ஒட்டாமல் போவது இரண்டாவது கூறாக இருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம், மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். நீங்கள் நோயைக் கண்டறிய முயல வேண்டாம். கண்ணில் பட்டதை மட்டும் சொல்லுங்கள்: "சில வாரங்களாக நீங்கள் கூட்டங்களில் பேசுவது குறைந்திருக்கிறது, எனக்குக் கவலையாக இருக்கிறது, எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு நிறுத்திவிடுங்கள். அந்த இடைவெளியை நீங்களே பேசி நிரப்பாதீர்கள். தூக்கமின்மை, நெஞ்சு அழுத்தம், வாழ்வில் பிடிப்பு இல்லை என்பது போன்ற பேச்சு வந்தால், விதியெல்லாம் பிறகு. உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள், முடிந்தால் கூடவே போங்கள்.

ஐந்து நாள் என்பதை உங்களால் மாற்ற முடியாமல் போகலாம். ஆனால் அந்த ஐந்து நாட்களுக்குள் எத்தனையோ சிறிய உரிமைகள் உங்கள் கையில் இருக்கின்றன. நெரிசல் தாண்டி வரலாம், நெரிசலுக்கு முன் கிளம்பலாம் என்று சொல்லலாம். காலை முதல் மணி நேரத்தில் கூட்டம் வைப்பதில்லை என்று முடிவெடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பயணம் கூடுவதால் குறையும் நேரத்துக்கு ஈடாக எந்த வேலையை விடுவது என்று உங்கள் மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். உத்தரவு வந்த பிறகு பலரும் கேட்கத் தவறும் கேள்வி இது.

பதினேழாவது மாடி:

நான் மேலாளர் இல்லை, நிரல் எழுதுகிறவன். எங்கள் இடத்தில் இந்த விதி வந்து நடைமுறையில் இருக்கிறது. கீழிருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

வாயில் பதிவை அளவுகோலாக்கினால் ஊழியர்கள் வாயில் பதிவைத்தான் தருவார்கள். எங்கள் அலுவலகத்தில் காலையில் வந்து அட்டையைத் தேய்த்து, ஒரு காபி குடித்துவிட்டு, மதியத்துக்குள் வீடு திரும்பி வேலையைத் தொடர்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். குழுவிலேயே நன்றாக வேலை செய்கிறவர்கள். ஓர் அளவை இலக்காக மாற்றிவிட்டால் அது நல்ல அளவாக இருக்காது என்ற கருத்துக்கு, 1975இல் அதை எழுதிய பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள். எங்கள் மேல்தளத்தில் அந்தக் கருத்தைப் படித்தவர்கள் பலர் இருக்கக்கூடும். ஆனாலும் அட்டவணை வாரந்தோறும் வருகிறது.

நேரில் வந்தால் பேச்சு பெருகும் என்பதும் கட்டடத்தைப் பொறுத்தது. இரண்டு பெரிய நிறுவனங்கள் தடுப்புகளை எடுத்துவிட்டுத் திறந்தவெளி அலுவலகத்துக்கு மாறியபோது, நேருக்கு நேர் பேச்சு ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்ததாக 2018இல் ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. எல்லார் கண்ணும் காதும் திறந்திருக்கும் இடத்தில் மனிதர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

மனிதவளத்துறை அண்ணன் சொன்ன ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. நிறுவனம் சொல்லும் காரணம் இது என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால் போதும் என்கிறார். எங்கள் மேலாளர் அப்படித்தான் நிறுத்திக்கொண்டார். அவர் மனத்தில் என்ன இருக்கிறது என்பதை முகத்திலேயே படித்தோம், அவரும் அதைச் சொல்லத் துணியவில்லை என்பதையும் படித்தோம். விதி கொடுத்த வருத்தத்தைவிட அதுதான் அதிக வருத்தம் தந்தது. நான் இதை ஏற்கவில்லை, மேலே சொல்லிப் பார்த்தேன், மாற்ற முடியவில்லை, இனி என்னால் முடிந்தது இவ்வளவு என்று அவர் ஒரு முறை சொல்லியிருந்தால் நாங்கள் அவரோடு நின்றிருப்போம். குழுவில் மூத்தவர்கள் இருவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். போகும்போது சம்பளத்தைக் காரணமாக எழுதிக் கொடுத்தார்கள். அது உண்மைக் காரணம் இல்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும், அவர்களுடைய மேலாளருக்கும் தெரியும்.

மனிதவளத்துறையில் இருந்தவன்:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. மேலே சொல்லிப் பார்த்தேன் என்று குழுவிடம் சொல்வதற்கு முன்னால் உண்மையிலேயே மேலே சொல்லியிருக்க வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். அதையும் எழுத்தில், மரியாதையோடு, எண்களோடு சொல்ல வேண்டும். வரிசை மாறினால் அது முதுகுக்குப் பின்னால் பேசியதாகிவிடும்.

அணித்தலைவி:

அனைவருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். நீங்கள் எழுதியவற்றை வைத்து இரண்டு காரியங்கள் செய்திருக்கிறேன். முதலாவதாக, என் மேலாளருக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டேன். எங்கள் குழு வேலையை முடித்துக் கொடுத்த விவரத்தையும், 1,612 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவையும் அதில் குறிப்பிட்டு, குழு ஒன்றாக வரும் இரண்டு நாட்களை உறுதியாக வைத்துக்கொண்டு மற்ற மூன்று நாட்களைக் குழுவின் முடிவுக்கு விடும்படி கேட்டிருக்கிறேன். அதற்கு இணங்க இயலாவிட்டால் எந்த வேலையைத் தள்ளிப்போடலாம் என்றும், தனியாகப் பேசுவதற்கு ஓர் அறை ஒதுக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறேன்.

இரண்டாவதாக, குழுவிடம் படிக்கப்போகும் வாசகத்தை எழுதி வைத்திருக்கிறேன்:

"அடுத்த காலாண்டு முதல் ஐந்து நாளும் அலுவலகம் என்பது நிறுவனத்தின் முடிவு. நேரில் இருந்தால் உற்பத்தித்திறன் பெருகும் என்பது அவர்கள் தரும் காரணம். நம் குழுவில் அப்படி அளந்து பார்த்த கணக்கு எதுவும் என்னிடம் இல்லை. மாற்று ஏற்பாடு ஒன்றை எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் என்னவாக இருந்தாலும் உங்களிடம் அப்படியே சொல்வேன். அதுவரை, வரும் நேரமும் கிளம்பும் நேரமும் உங்கள் விருப்பம். காலை பத்தரைக்கு முன் நான் கூட்டம் வைக்க மாட்டேன். புதியவர்களோடு உட்கார்ந்து வேலை பார்க்க மூத்தவர்கள் வாரத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பிற்பகலில் அவர்களுக்கு வேறு எந்தக் கூட்டமும் இருக்காது. விலக்கு தேவைப்படுகிறவர்கள் என்னிடம் தனியாக வாருங்கள், விண்ணப்பத்தைச் சேர்ந்தே எழுதுவோம்."

மருத்துவர் சொன்னபடி அந்த ஊழியரிடமும் பேசினேன். கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் பேசத் தொடங்கினார். அவர் சொன்னவற்றை இங்கே எழுதுவது முறையாகாது. மருத்துவரைப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

தந்தையைக் கவனித்துக்கொள்பவரின் விண்ணப்பம் முதல் கட்டத்தில் நிராகரிக்கப்படலாம் என்று மனிதவளத் துறையிலிருந்து இப்போதே சாடையாகச் சொல்கிறார்கள். மேல்முறையீடு செய்து வெற்றி பெற்றவர்கள் யாரேனும் இங்கே இருந்தால், எந்த ஆவணங்களை இணைத்தீர்கள், எத்தனை நாட்களுக்குள் பதில் வந்தது என்று எழுதுங்கள். அடுத்த வாரத்துக்குள் தெரிந்தால் பேருதவியாக இருக்கும்.